குணம் கிலோ என்ன விலை?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

தடையற்ற சந்தையைத் தாங்கிப் பிடிப்பது சட்டமா, மனிதர்களின் குணமா? நான் குணத்தின் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் சட்டத்தைப் பற்றிப் பேசினார். ஒருவரும் கைதட்டவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஐயா, குணம் குணம் என்கிறீர்களே, அது கிலோ என்ன விலை?" என்று கேட்டார். அரங்கமே அதிர்ந்தது. நடுவரும் சிரித்தார், நான் பார்த்தேன். சிரித்ததற்கு மார்க் போட்டுவிடாதீர்கள் ஐயா, அதற்குப் பயந்துதான் மைக்கை நோக்கி ஓடி வந்தேன்.

விலைதானே? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒருவருடைய துணி அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கிறது.

எதிரணி மூன்று முறை பெயர் சொல்லிக் கும்பிட்டாரே, ஆடம் ஸ்மித், அவருடைய அலமாரி. ஸ்காட்லாந்துக்காரர், பொருளியல் அறிஞர். 1776-இல் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்தது. இறக்குமதிக்குத் தடை போட்டால் நாட்டுக்கு என்ன கேடு என்று பக்கம் பக்கமாக எழுதினார். சரி, இரண்டே வருடத்தில், 1778-இல், அவருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. என்ன உத்தியோகம்? சுங்கத்துறை ஆணையர்! தேர்வே கூடாது என்று எழுதியவரைப் பிடித்துத் தேர்வறைக் கண்காணிப்பாளர் ஆக்கிய கதை.

வேலையில் சேர்ந்து ஒரு வாரம் இருக்கும். தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பார்க்கிறார். அந்தப் பட்டியல் நம் கையில் கிடைத்தால் எங்கே போவோம்? பக்கத்து வீட்டுக்கு. அவர் தன் அலமாரிக்குப் போனார். கழுத்தில் கட்டும் துணியை எடுக்கிறார். பட்டியலில் இருக்கிறது. சட்டைக் கையில் வைத்துத் தைக்கும் ஜாலரை எடுக்கிறார். அதுவும் இருக்கிறது. போகட்டும், கைக்குட்டையாவது தப்பிக்குமா? மூக்கைச் சிந்தினால்கூடச் சட்ட விரோதம்! உள்ளதில் தடைக்குத் தப்பியது அநேகமாக ஒன்றுமில்லை.

என்ன செய்தார்? அத்தனையையும் கொளுத்திவிட்டார். நான் கட்டிய கதை இல்லை. முன்மாதிரியாக இருக்க விரும்பி எரித்தேன் என்று 1780-இல் வில்லியம் ஈடன் என்ற அரசியல்வாதிக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: உங்கள் உடுப்பையோ உங்கள் மனைவியின் உடுப்பையோ சோதித்துப் பார்க்கும்படி நான் சொல்ல மாட்டேன், என்னைப் போல வம்பில் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்தவர் வீட்டு அலமாரி என்றதும் மனிதர் எவ்வளவு நாசூக்காகிவிட்டார் பாருங்கள்.

இதை இன்னொரு தடவை மெதுவாகப் பார்க்க வேண்டும். சோதனை போட்ட அதிகாரி யார்? ஸ்மித். மாட்டிக்கொண்டவர்? ஸ்மித். விசாரித்தவர், தீர்ப்புச் சொன்னவர், தண்டனையை நிறைவேற்றியவர்? தீப்பெட்டி ஒன்றுதான் வெளியாள். (அந்தக் காலத்தில் தீப்பெட்டியே கிடையாது. எதிரணி அதைப் பிடித்துக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) அந்தத் தடையெல்லாம் சரி என்று அவர் நினைத்தாரா? துளியும் இல்லை. ஆனாலும் எரித்தார்.

"அப்படியானால் அது சட்டத்தின் வெற்றி" என்று எதிரணி சொல்லும். அதோ, குறிப்பு எழுதிக்கொள்கிறார். நண்பரே, அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பும் சட்டம் இருந்தது. கைக்குட்டையும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன! ஒரு மனிதர் அலமாரியைத் திறந்த பிறகுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது.

மூன்றாவது தடவையும் சொல்லலாம். நடுவர் மணியைத் தொடுகிறார், வேண்டாம்.

எதிரணி ஒரு மேற்கோள் காட்டினார். ரொட்டிக்காரர் கருணையால் ரொட்டி தருவதில்லை, தன் நலத்துக்காகத் தருகிறார் என்று ஸ்மித் எழுதினாராம். அதனால் மனிதன் சுயநலக்காரன், சட்டம்தான் அவனைக் கட்ட வேண்டுமாம். எழுதினார், உண்மை. அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1759-இல், மனிதனின் அறவுணர்வைப் பற்றி ஒரு தனிப் புத்தகமும் எழுதினார். 1790-இல், சாகப்போகிற வருடத்தில், எதைத் திருத்தி வெளியிட்டார் தெரியுமா? ரொட்டிக்காரர் இருந்த புத்தகத்தை இல்லை, அறவுணர்வுப் புத்தகத்தை. நற்குணம் என்றால் என்ன என்று ஒரு முழுப் பகுதியையே புதிதாகச் சேர்த்தார். எதிரணி ரொட்டியோடு எழுந்து வந்துவிட்டது.

நம் வள்ளுவரும் அப்படித்தான். பொருட்பாலில் எழுபது அதிகாரம் காலியாகக் காத்திருந்தது. வணிகன் எப்படி நடக்க வேண்டும் என்ற குறளை அங்கே வைக்காமல், அறத்துப்பாலில், நடுவுநிலைமையின் கடைசிக் குறளாக வைத்தார். இடம் தெரியாமலா வைத்தார்?

சரி, கிலோ கணக்குக்கு வருகிறேன். என்ரான் என்று ஓர் அமெரிக்க நிறுவனம். அங்கே ஒழுக்க விதிகளுக்கு என்றே 64 பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. 2001 டிசம்பரில் கணக்குப் புரட்டு வெளிப்பட்டு நிறுவனம் திவால். 2002-இல் கடுமையாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி கவிழ்ந்தது. அது வேறு தவறு, வேறு ஓட்டை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் எப்போதும் போன ஓட்டையைத்தானே அடைக்கிறது? எதிரணி நண்பரே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த 64 பக்கத்தைப் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போடலாம். குணத்தைப் போட முடியாது.

சட்டம் எழுதுகிற அரசியல்வாதியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, முன்வரிசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வணிகர்கள் சேர்ந்து ஒரு புதுச் சட்டம் கேட்டால் மிகுந்த சந்தேகத்தோடு கேளுங்கள் என்று எச்சரித்தவரும் அந்த ஸ்மித்தேதான். அந்தச் சந்தேகம் வருவதற்கே ஒரு குணம் வேண்டும்.

இனி நிஜமான விலை. 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் வியாபாரத்தைப் பற்றி எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. விற்பவனுக்குக் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. வாங்குபவன் பயந்து எல்லா வண்டிக்கும் குறைத்துக் கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் கட்டாது என்று போய்விடுவான். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். ஏமாற்றினால் நஷ்டம், ஏமாந்தவன் காசு மட்டும் இல்லை. நேர்மையானவன் சந்தையை விட்டே போகிறானே, அதையும் சேர்க்க வேண்டும் என்றார்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா?

மூன்று மாதத்துக்கு முன்னால் என் பழைய ஸ்கூட்டரை விற்றேன். பார்த்தால் நன்றாக இருக்கும். ஆனால் எஞ்சின் சூடானால் நடுரோட்டில் அணைந்துவிடும். வாங்க வந்த பையன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். "வண்டியில் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டான். "நீங்களே ஓட்டிப் பாருங்கள்" என்றேன். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். எந்தக் கோர்ட்டிலும் நான் ஜெயிப்பேன். எஞ்சின் ஆறியிருந்தது. ஒரு சுற்றுப் போய் வந்தான். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மேடையில் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன் சார், அதனால்தான் பேரம் பேசவில்லை" என்றான்.

அன்றைக்கு ராத்திரி என் மகள் கேட்டாள்: "அப்பா, அது பாதி வழியில் நின்னுடுமே, அந்த அண்ணாகிட்ட சொன்னீங்களா?" பின்னால் உட்கார்ந்து, வண்டி நின்றபோதெல்லாம் என்னோடு சேர்ந்து தள்ளியவள் அவள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

குணம் இவரிடமே நிற்கவில்லையே என்று எதிரணி நண்பர் சொல்லலாம். சொல்லுங்கள், உங்களுக்கு நல்ல பாயிண்ட் அது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பையனுடைய எண் என் போனில் 'ஸ்கூட்டர்' என்று பதிவாகியிருக்கிறது. அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மணி அடித்துவிட்டது, கேட்டது ஐயா. தீர்ப்பை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், நான் இருக்க மாட்டேன். வெளியே போய் ஒரு போன் பேச வேண்டும்.