கொடியிலேயே முடிவு செய்யுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியைப் போட்டுவிட்டு இஸ்திரி போட உட்காருகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இஸ்திரிப் பெட்டியை அணைக்கச் சொல்லமாட்டேன். பக்கத்தில் இருக்கிற குவியலை மட்டும் ஒரு தடவை பாருங்கள். அதில் துண்டு இருக்கிறதா? கைலி, நைட்டி, தலையணை உறை? இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முப்பது வருடம் பள்ளியில் மனையியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் இந்த விஷயத்தை நான் கற்றது எங்கள் வீட்டுத் திண்ணையில்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்வரை எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. ஞாயிறு ராத்திரி சமையல் முடிந்ததும் அம்மா அடுப்பிலிருந்து கங்குகளை இடுக்கியால் எடுத்து, அடி தட்டையான ஒரு பித்தளைச் செம்பில் போடுவார். புளி போட்டுத் துலக்கி, கரி ஒட்டாமல் அதற்கென்றே வைத்திருந்த செம்பு. திண்ணையில் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, செம்பின் கழுத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பிப்பார். கங்கு நீறு பூப்பதற்குள் எத்தனை உருப்படி முடியுமோ அத்தனைதான்.

அதனால் அம்மா வரிசை வைத்திருந்தார். முதலில் அப்பாவின் வெள்ளைச் சட்டை. அதிலும் காலர், பட்டன் பட்டி, முன்பக்கம், அவ்வளவுதான். வேட்டிக்குள் போகிற பகுதியைச் செம்பு தொடாது. அடுத்தது அக்காவின் தாவணி. பிறகு என் பள்ளிப் பாவாடையின் மடிப்புகள். என் சட்டையின் முறை வரும்போது செம்பு ஆறிவிடும். அதற்காக நான் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். என் சட்டையைப் பிழிந்து, இரண்டு தோளையும் பிடித்துப் படார் படார் என்று உதறினார். காலரை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தார். பட்டன் பட்டியைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். தையல் ஓரங்களை மேலிருந்து கீழே இழுத்துவிட்டுக் கொடியில் போட்டார். "ஈரத்திலேயே நீவிட்டா செம்புக்கு வேலையில்லடி" என்றார். சாயங்காலம் அந்தச் சட்டை நிஜமாகவே நேராகக் காய்ந்திருந்தது. மறுநாள் வகுப்பில் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிறகு அண்ணனின் முதல் சம்பளத்தில் மின்சாரப் பெட்டி வந்தது. ஆசையாக இருந்தது. அம்மா எல்லாவற்றையும் தேய்த்தார். துண்டு, தலையணை உறை, அப்பாவின் பனியன் உட்பட. செம்பு ஆறிவிடும், பெட்டி ஆறவே ஆறாது அல்லவா? ஒரு மணி நேரம் ஆகும் வேலை மூன்று மணி நேரம் ஆயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்திருப்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் ஒரு பெண் அப்படித்தான் எழுந்திருக்கிறாள். அதனால்தான் இதை நான் போகிற இடமெல்லாம் பேசுகிறேன்.

அம்மா செய்ததற்குக் காரணம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடிக்கும். குடித்ததும் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் தளரும். காயும்போது துணி எந்த நிலையில் கிடக்கிறதோ, அந்த நிலையிலேயே அவை மறுபடி பிணைந்துகொள்ளும். முறுக்கிப் பிழிந்ததை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, மெஷினில் சுற்றி முடிந்ததை அப்படியே உள்ளேயே விட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கிறோம். முறுக்கு அப்படியே இறுகிவிடுகிறது. பிறகு அதை அவிழ்க்க மறுபடியும் ஈரம் வேண்டும், சூடு வேண்டும், அழுத்தம் வேண்டும். இஸ்திரி போடுகிறவர் தண்ணீர் தெளிப்பது அதற்குத்தான். இஸ்திரி என்ற சொல்லே இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. இழுப்பதும் நீட்டுவதும்தான் வேலை, கவனியுங்கள். அதைக் கொடியிலேயே செய்துவிடலாம். எதற்குப் பெட்டி, எதற்கு வேண்டாம் என்பதையும் கொடியிலேயே முடிவு செய்துவிடலாம்.

துண்டுக்கு வேண்டாம். பெட்டி போட்டால் அதன் முகத்தில் நிற்கும் சின்னச் சின்னச் சுருள்கள் படுத்துவிடும். எலாஸ்டிக் வைத்த எதற்கும் வேண்டாம், சூட்டில் அதன் இழுவை போய்விடும். படுக்கை விரிப்பை இரண்டு பேர் நின்று இழுத்து மடித்து, அடுக்கின் அடியில் வைத்தால் போதும்.

உள்ளாடைக்கும் பெட்டி போடுகிறவர்கள் உண்டு. நைஜீரியாவில் வேலை பார்த்த என் தம்பி வீட்டில் அது கட்டாயம். அங்கே ஒருவகை ஈ, கொடியில் காயும் ஈரத் துணியில் முட்டையிடும். அந்தப் புழு தோலுக்குள் போய்விடும். அதனால் சூடு காட்டாமல் எதையும் உடுத்த மாட்டார்கள். நம் ஊரில் அந்த ஈ இல்லை.

அப்படியானால் எதற்குத்தான் வேண்டும்? கஞ்சி போட்ட சேலைக்கும் வேட்டிக்கும் கட்டாயம் வேண்டும். கஞ்சி காயும்போது சுருக்கத்தையும் சேர்த்து விறைக்க வைத்துவிடும். அதை அரை ஈரத்தில் எடுத்துத் தேயுங்கள். வேலைக்குப் போடும் பருத்திச் சட்டைக்கு வேண்டும். நிதானமாகப் போட்டால் முழுக்கைச் சட்டைக்கு ஐந்து நிமிடம் ஆகும். பாலியெஸ்டர் கலந்த பள்ளிச் சீருடைக்கு மடிப்பு மட்டும் போதும், அதுவும் குறைந்த சூட்டில். சட்டைக்குள் தைத்திருக்கும் சீட்டில் பெட்டிப் படம் இருக்கும், பாருங்கள். அந்தப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200.

கசங்கிய சட்டை மரியாதைக் குறைவு என்பார்கள். சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அறிவியல் அமைப்பு 2024 மே மாதத்தில் திங்கட்கிழமைகளில் இஸ்திரி போடாத உடையோடு வேலைக்கு வரும்படி தன் ஊழியர்களையே கேட்டுக்கொண்டது. மின்சாரத்தைக் குறைப்பதற்காக. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்கூட அந்த அமைப்பைச் சேர்ந்ததுதான். விஞ்ஞானிகளே அப்படி வரலாம் என்றால் நம் பிள்ளை டியூஷனுக்கு வரக்கூடாதா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. தள்ளுவண்டியில் கரிப்பெட்டியோடு நிற்கிறவர்களைப் பற்றியும், அவர்களுக்காகச் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசிய திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முடியவில்லை.

பட்டுச் சேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன், போன தடவை நிறையப் பேர் கேட்டீர்கள். உள்பக்கமாகத் திருப்புங்கள். ஜரிகை மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், கறை விழும். சூட்டோடு மடிக்காமல் ஆறவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் மடித்த இடத்திலேயே ஜரிகை இற்றுவிடும்.

வணக்கம்.