ஒரு லட்சம் ரூபாய்க்கு க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன் வாங்கலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருச்சியில் இருந்து. நிறைய விவரம் கொடுத்திருக்கிறார், அதனால் முழுசாகவே படித்துவிடுகிறேன். "அண்ணா, நாலு வருஷமா ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் வெச்சிருக்கேன். ஒரே ரூம்ல தம்பியும் படிக்கிறான், அதனால ஓப்பன்-பேக் செட் ஆகாது. கர்நாடக சங்கீதம், சினிமா பாட்டு ரெண்டும் கேட்பேன். லேப்டாப்ல ஆப்பிள் டாங்கிள் போட்டுத்தான் கேட்கிறேன். கண்ணாடி போடுவேன். கொஞ்ச நாளா பாஸ் பழைய மாதிரி இல்ல, ஒரு மணி நேரத்துல காதும் வலிக்குது. ஒரு லட்சம் வரைக்கும் சேர்த்து வெச்சிருக்கேன். ஃபோக்கல் மாதிரி பெரிய க்ளோஸ்டு-பேக்குக்குப் போயிடலாமா? ஆம்ப் வேணுமா? பழசை வித்துடலாமா?"

சரி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: க்ளோஸ்டு-பேக் என்றால் கப்பின் பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன், ஓப்பன்-பேக் என்றால் பின்பக்கம் திறந்தது, பாட்டு வெளியேயும் கேட்கும். டாங்கிள் என்பது ஹெட்ஃபோன் வயரை லேப்டாப்பில் மாட்டும் சின்ன இணைப்பான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு லட்சத்தை இப்போது தொடாதீர்கள். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் குறை என்ன என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு.

பாஸ் குறைந்துவிட்டது, காது வலிக்கிறது, கண்ணாடி போடுகிறேன் என்று மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: இயர்பேட், அதாவது காதைச் சுற்றி இருக்கும் மெத்தை. நாலு வருஷத்தில் ட்ரைவர், அதாவது கப்புக்குள் ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர், பொதுவாகத் தேய்ந்து போகாது. பேட் தேயும். எம்50எக்ஸில் இருப்பது செயற்கைத் தோல், அதற்குள் ஃபோம். நம் ஊர் வியர்வைக்கு அந்தத் தோல் வெடித்து, கருப்புத் துகள் காதிலும் கழுத்திலும் ஒட்ட ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் அமுங்கிப் போய் மறுபடி எழும்பாது. அப்போது காது மடல் உள்ளே இருக்கும் துணியில், அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கில் போய் இடிக்கும். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் வலி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பாஸ் விஷயம் இன்னும் முக்கியம். க்ளோஸ்டு-பேக்கில் பாஸ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ட்ரைவருக்கும் உங்கள் செவிப்பறைக்கும் நடுவில் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. பேட் உங்கள் தலையோடு சுற்றிலும் ஒட்டி மூடினால்தான் அந்த அறை அடைபடும். ட்ரைவர் முன்னும் பின்னும் அசையும்போது அந்தக் காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது, அதைத்தான் நாம் பாஸ் என்று கேட்கிறோம். எங்காவது ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், அழுத்தம் அந்த வழியாக வெளியே போய்விடும். ட்ரெபிளுக்கு ஒன்றும் ஆகாது, குரலும் ஓரளவு அப்படியே இருக்கும், அடி சுருதி மட்டும் காணாமல் போகும். கண்ணாடியின் காது மேல் போகும் தண்டு அந்த இடைவெளியை உண்டாக்குகிறது. பேட் புதிதாக, மெத்தென்று இருந்தபோது தண்டைச் சுற்றி அதுவே மூடிக்கொண்டது. இப்போது முடியவில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். தொப்பிப் பக்கத்தில், அதாவது இடது தலையில், வாசிப்பவர் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி இருக்கிறதே, அதை மட்டும் கவனியுங்கள். முதலில் வழக்கம்போலக் கண்ணாடியோடு கேளுங்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தை, வால்யூமைத் தொடாமல் கேளுங்கள். மூன்றாவதாக, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக, ரொம்ப லேசாக அழுத்திக்கொண்டு கேளுங்கள். அழுத்தியவுடன் கும்கி உருண்டு திரண்டு வந்தால், உங்கள் ஹெட்ஃபோனில் பாஸ் இருக்கிறது, அது காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வலது தலைப் பக்கத்துச் சொற்களான நம், தின் எல்லாம் மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும். அந்த வித்தியாசம் ஒன்றே உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அப்படி இருந்தால் புது இயர்பேட் வாங்கி மாட்டுங்கள். எம்50எக்ஸில் பேடைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கடையில் வெல்வெட், ஜெல், தடிமனான பேட் என்று வகைவகையாகக் கிடைக்கும். பேட் மாறினால் ஒலியே மாறும். தடிமன் கூடினால் ட்ரைவர் காதில் இருந்து தள்ளிப் போகும், துணிப் பேட் போட்டால் காற்று கசிந்து பாஸ் இறங்கும். முதல் தடவை கம்பெனியின் அசல் பேடையே போடுங்கள். பழைய ஒலி திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதானே நோக்கம்?

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். புது பேட் போட்ட பிறகும் போதவில்லை என்று தோன்றினால்?

2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 283 ஹெட்ஃபோன்களின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை அளந்த தரவை வைத்து, விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு வந்தது. அதாவது பாஸ் எவ்வளவு, குரல் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு என்ற அந்தக் கலவை சரியாக அமைவதற்கும் விலைச்சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கேட்பவருக்குப் பிடிப்பதில் பெரிய பங்கு அந்தக் கலவைக்குத்தான். ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளர் தலைமையில் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் நடந்த ஆராய்ச்சியும் இதே பக்கம்தான் போகிறது. பலரை உட்கார வைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த கலவையைக் காட்டும் ஒரு வரைபட வளைவை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வளைவை ஒட்டி 2019-ல் ஏகேஜி கே371 என்று ஒரு க்ளோஸ்டு-பேக் வந்தது. அறிமுக விலை 149 டாலர். அதைவிடப் பத்து மடங்கு விலை உள்ள பல ஹெட்ஃபோன்கள் அந்த வளைவில் இருந்து எங்கேயோ விலகி நிற்கின்றன.

க்ளோஸ்டு-பேக்கில் இது இன்னும் சிக்கல். ட்ரைவர் முன்பக்கம் எவ்வளவு ஒலி எழுப்புகிறதோ அதே அளவு பின்பக்கமும் எழுப்புகிறது. ஓப்பன்-பேக்கில் அது வெளியே போய்விடும். மூடிய கப்பில் போக வழி இல்லை. குளியலறையில் பாடினால் சில சுரங்கள் மட்டும் தூக்கிக் கேட்கும் அல்லவா, கப்புக்குள்ளும் அதே கதைதான். பின் சுவரில் மோதித் திரும்பி வந்து சில இடங்களைத் தூக்கும், சில இடங்களை அமுக்கும். பெரிய கம்பெனிகள் எல்லாம் இதோடுதான் மல்லுக்கட்டுகின்றன. சென்ஹைசர் 2018-ல் எச்டி 820 கொண்டுவந்தது. அறிமுக விலை 2,399 டாலர். பின்பக்கம் உட்குழிந்த கண்ணாடி வைத்து, மோதும் ஒலியை ஓரத்தில் இருக்கும் உறிஞ்சிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். அழகான யோசனை. அப்படியும் அதன் அளவீடுகளில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரிகிறது, அது ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடம். டேன் க்ளார்க் ஆடியோ 2021-ல் ஸ்டெல்த் கொண்டுவந்தது, 3,999 டாலர். ட்ரைவருக்கும் காதுக்கும் நடுவில் மெட்டாமெட்டீரியல் என்று சொல்லும் நுண் அறைகள் கொண்ட அமைப்பை வைத்து, அளவீட்டில் பிரமாதமாகச் சாதித்தார்கள். ஆனால் அந்த விலைக்குத்தான் அது வந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பதில் கணிசமான பகுதி, 500 டாலர் ஓப்பன்-பேக்கில் இயல்பாகவே இருக்கிறது. உங்களுக்கு ஓப்பன்-பேக் சரிப்படாது, புரிகிறது, தம்பி படிக்க வேண்டும். ஆனால் க்ளோஸ்டு-பேக்கில் மேலே போகப் போக, கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த மூடியின் தொல்லையைக் குறைக்கத்தான் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அப்படியானால் விலை கூடினால் ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கும். ஃபோக்கலின் ஸ்டெலியா என்ற க்ளோஸ்டு-பேக்கைப் போட்டுக் கேட்டால் தம்புராவின் நாதம் பாடகரின் குரலுக்குப் பின்னால் தனியாக நின்று கேட்கும், வயலின் வில் திரும்பும் இடம் தெரியும், குரலைச் சுற்றி ஒரு காற்றோட்டம் இருக்கும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. ஆனால் ஸ்டெலியா அறிமுகமானபோது 2,999 டாலர், உங்கள் பட்ஜெட்டைத் தாண்டியது. எடையும் 435 கிராம். எம்50எக்ஸ் 285 கிராம்தான். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மணி நேரத்தில் வலி, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதனால் பேடுக்கு அடுத்த படி ஈக்யூ, அதாவது பாஸ், குரல், ட்ரெபிள் அளவுகளை மென்பொருளில் கூட்டிக் குறைப்பது. விண்டோஸ் லேப்டாப் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ, அதன் மேல் பீஸ் என்ற முகப்பு, இரண்டும் இலவசம். எம்50எக்ஸுக்கு அளந்து கணக்கிட்ட அமைப்புகள் ஆட்டோஈக்யூவில் தயாராக இருக்கின்றன, எடுத்துப் போட வேண்டியதுதான். எம்50எக்ஸின் பாஸ் கொஞ்சம் தூக்கலாகவும், மேல் ட்ரெபிள் கூராகவும் இருக்கும். சினிமா பாட்டுக்கு அது ஜாலியாக இருக்கும், பெண் குரலில் ஒரு விருத்தம் கேட்கும்போது "ஸ" எழுத்து குத்தும். அதை ஈக்யூ சரி செய்துவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: எங்காவது 5 டெசிபல் ஏற்றியிருந்தால், ப்ரீஆம்ப் என்று அந்த மென்பொருளில் இருக்கும் மொத்த ஒலி அளவை அதே 5 டெசிபல் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் வால்யூமைச் சமமாக வைத்துக் கேளுங்கள். ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே காது "இது தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். கடையில் விலை உயர்ந்த ஹெட்ஃபோன் நன்றாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அமைப்போடு ஒரு மாதம் கேளுங்கள். அதற்குப் பிறகும் இடுக்கமாக இருக்கிறது, காது மடல் கப்புக்குள் அடங்கவில்லை, வாத்தியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கேட்கின்றன என்றால், அப்போது உங்களுக்கு ஒரு உண்மையான காரணம் இருக்கிறது. அப்போது வாங்குங்கள், ஆனால் ஒரு லட்சத்துக்கு அல்ல, அதில் பாதிக்குள். நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று பேயர்டைனமிக் டிடி 700 ப்ரோ எக்ஸ். 48 ஓம் (மின் தடை), வெலூர் பேட், கப் விசாலம், வயரைக் கழற்றலாம். கண்ணாடி போடுபவர்களுக்கு அந்தப் பேட் மென்மையாக இருக்கும். ட்ரெபிள் கொஞ்சம் பிரகாசம்தான், ஈக்யூவில் இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று 2024-ல் வந்த சென்ஹைசர் எச்டி 620எஸ். அறிமுக விலை 349 டாலர், 150 ஓம். க்ளோஸ்டு-பேக்காக இருந்தும் ஓப்பன்-பேக்கின் அந்த விசாலத்தை ஓரளவு கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள், குரலுக்கு நல்லது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது கேட்டுப் பார்க்க முடிந்தால் கண்ணாடியோடு போய், உங்களுக்குப் பழகிய பாட்டை வைத்து, குறைந்தது அரை மணி நேரம் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கேட்க வழியில்லை என்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஆம்ப் பற்றி, அதாவது ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியின் சக்தியைக் கூட்டும் கருவி பற்றி. இப்போது தேவையில்லை. ஆப்பிள் டாங்கிள் சுமார் 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவில் விற்பது மட்டும் அதைவிடக் குறைவு). எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு மில்லிவாட் சக்திக்கு எழும் சத்தம்). கணக்குப் போட்டால் உச்சத்தில் 113 டெசிபல் வரை போகும். அது காதுக்கு ஆபத்தான சத்தம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக உங்களுக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு சக்தி அந்தச் சின்ன டாங்கிளிலேயே இருக்கிறது. எச்டி 620எஸ் போன்ற 150 ஓம் ஹெட்ஃபோனுக்கும் சாதாரணமாகக் கேட்க அது போதும். டேன் க்ளார்க் மாதிரி சென்சிட்டிவிட்டி குறைந்த ப்ளேனார் (தட்டையான மெல்லிய படலம் அசைந்து ஒலி எழுப்பும்) ஹெட்ஃபோனுக்குப் போனால்தான் ஆம்ப் பற்றி யோசிக்க வேண்டும். ஆம்ப் போட்டால் பாஸ் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்துவிட்டு அவரிடம் பேசுங்கள்.

பழசை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேட் தேய்ந்த நிலையில் விற்றால் ஒன்றும் தேறாது. புது பேட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புது ஹெட்ஃபோன் வந்தாலும் முதல் சில வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால்தான் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதை முடித்துவிடுங்கள். வித்தியாசம் உங்களுக்குப் பிடித்திருந்தால் புதியது உங்களுக்கு, எம்50எக்ஸ் தம்பிக்கு. அவர் படிக்கும்போது உங்கள் பாட்டுச் சத்தம் அவருக்கும் கேட்காது. அடுத்த கேள்விக்குப் போகலாம்.