பண்ணை சால்மனுக்கு வரும் வைரஸ்: நமக்கு ஒட்டுமா, காட்டு மீனுக்கு ஒட்டுமா?

வணக்கம். டொராண்டோவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "வாரம் ஒரு தடவை சால்மன் வாங்கிக் குழம்பு வைக்கிறோம். பண்ணை மீனுக்கு ஃப்ளூ மாதிரி ஏதோ வைரஸ் வருகிறதாம், அது ஆற்று சால்மனையும் அழிக்கிறதாம். உண்மையா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

பிள்ளைகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தாராளமாகக் கொடுங்கள். அந்த வைரஸ் நம் இன்ஃப்ளூயன்சா குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் அது குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிப்போனது. 10 முதல் 15 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும், 25 டிகிரி ஆனால் ஆய்வகத்தில்கூட வளராது. நம் உடம்போ 37 டிகிரி. கொதிக்கிற குழம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டியது காட்டு சால்மனில், அதாவது பண்ணையில் இல்லாமல் இயற்கையாக வளரும் சால்மனில், இருக்கும் புழுவை. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால் அது செத்துவிடும். பண்ணை மீன் தீவனக் குருணை மட்டுமே தின்று வளர்வதால் அதில் அந்தப் புழு மிக அரிது.

சரி, மீனுக்கு என்ன ஆகிறது? நோயின் பெயர் தொற்று சால்மன் இரத்தசோகை, சுருக்கமாக ஐ.எஸ்.ஏ. மீன் கடையில் நாம் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்போம் அல்லவா? சிவந்திருந்தால் புது மீன், வெளுத்திருந்தால் பழசு. ஐ.எஸ்.ஏ. வந்த மீனுக்கு உயிரோடு நீந்தும்போதே செவுள் வெளுத்துவிடும். வைரஸ் இரத்தக்குழாயின் உட்சுவரைப் பிடிக்கிறது, சிவப்பணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. வயிற்றைக் கீறினால் உள்ளே நீர் கோத்திருக்கும். ஈரல் கறுத்துப்போய், குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் மேல் குண்டூசி குத்தியதுபோல இரத்தப் புள்ளிகள் தெரியும்.

இதில் மோசமானது என்னவென்றால், கொள்ளைநோய் மாதிரி ஒரே ராத்திரியில் மீன்கள் செத்து மிதக்காது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்தில் ஒன்றுகூடச் சாகாது. நார்வே சட்டப்படி கடலில் மிதக்கும் ஒரு வலைக்கூண்டில் 2 லட்சம் மீன் வரை விடலாம். அதில் தினம் 100, 150 மீன் செத்தால் வழக்கமான சாவு என்றுதான் பண்ணைக்காரர் நினைப்பார். அப்படியே விட்டால் மாதக்கணக்கில் கூண்டு காலியாகிக்கொண்டே போகும்.

இந்த நோயை முதலில் கண்டது 1984-இல், நார்வேயில். அப்படியானால் அதற்கு முன் வைரஸே இல்லையா? இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இதில் ஒரு சாது வகை உண்டு, ஹெச்.பி.ஆர். ஜீரோ என்பார்கள். செவுளில் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போய்விடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. அதன் ஒரு மரபணுவில் சிறு துண்டு கழன்று விழுந்தால்தான் கொல்லும் வகையாக மாறுகிறது. லட்சக்கணக்கான மீன்கள் நெருங்கிக் கிடக்கும் கூண்டில் வைரஸ் விடாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது, அப்படி மாறுவதற்கு வாய்ப்பும் கூடுகிறது.

சிலி நாட்டுக் கதை தெரிந்தால் இது நன்றாகப் புரியும். தென் அரைக்கோளத்தில் இயற்கையாக சால்மனே கிடையாது. சிலியில் இருப்பதெல்லாம் மனிதன் கொண்டுபோய் விட்டது. 2007 ஜூலையில் அங்கே சிலோவே தீவுப் பகுதிப் பண்ணை ஒன்றில் ஐ.எஸ்.ஏ. உறுதியானது. பண்ணைகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன, குஞ்சும் பெரிய மீனும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், உயிர்மீன் ஏற்றும் படகு ஒரே நாளில் பல பண்ணைகளுக்குப் போய்வந்தது. 2010 வாக்கில் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டால் நார்வே வகைக்கு நெருக்கமாக இருக்கிறது. அங்கிருந்து இறக்குமதியான முட்டையோடு வந்திருக்கும் என்பது பலரின் சந்தேகம்.

வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளிலும் 2000-க்குப் பிறகு இதே அடி விழுந்தது. அவர்கள் ஒரு கடற்கழிக்கு ஒரே வயது மீன், அறுவடை முடிந்ததும் கழியைக் காலியாகப் போட்டு வைப்பது, தடுப்பூசி என்று கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள், தொழில் மீண்டது. சாது வகை இன்றும் அங்கே புழங்குகிறது, அதை யாராலும் துடைத்தெறிய முடியவில்லை.

இன்னொரு வைரஸையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கணைய நோய் என்று ஒன்று சால்மனுக்கு வரும், அந்த வைரஸ் சிக்குன்குனியாவுக்குப் பங்காளி! கொசு தேவையில்லை, தண்ணீரே போதும். செத்த மீனின் கொழுப்பு கரைந்து கடல்மேல் எண்ணெய்ப் படலமாக மிதக்கும், வைரஸ் அதிலேயே பயணம் போகும்.

இப்போது காட்டு மீன். அக்கா, இங்கேதான் விஞ்ஞானிகளே அடித்துக்கொள்கிறார்கள். கூண்டில் செத்த மீனை எண்ணலாம். கடலில் சோர்ந்த மீனைக் கடல்நாய் (சீல்) பிடித்துத் தின்றுவிடும், யார் எண்ணுவது? உங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பி.ஆர்.வி. என்ற வைரஸ் பற்றிய சண்டை பல வருடங்களாக நடக்கிறது. அது சுமார் 30 வருடம் முன்பு அட்லாண்டிக் பக்கமிருந்து வந்தது, பண்ணையிலிருந்து காட்டு சினூக் சால்மனுக்குத் தொற்றுகிறது என்று 2021-இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது. அதற்கு முன் அரசு விஞ்ஞானிகள் செய்த மதிப்பீடோ, ஃப்ரேசர் ஆற்று சாக்கை சால்மனுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றது.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஐ.ஹெச்.என். என்ற வைரஸ் பசிபிக் கரையின் சொந்த வைரஸ், காட்டு சாக்கையோடு காலங்காலமாக இருப்பது. பழக்கமில்லாத அட்லாண்டிக் சால்மனை அங்கே கொண்டுபோய் வளர்த்தார்கள். 1990-களிலும் 2001-க்குப் பிறகும் அந்த மீன் கூண்டு கூண்டாகச் செத்தது. தப்பு யார் மேல்?

காட்டு மீன் அழிந்ததற்குச் சந்தேகமில்லாத சாட்சி வேண்டுமென்றால் நார்வேயைப் பாருங்கள். அது வைரஸ் இல்லை, அரை மில்லிமீட்டர் ஒட்டுண்ணி, பெயர் ஜைரோடாக்டைலஸ். 1970-களில் பால்டிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்த குஞ்சுகளோடு வந்து சுமார் 50 ஆறுகளில் பரவியது. அதை ஒழிக்க ஆற்றிலுள்ள மீன் மொத்தத்தையும் மருந்து ஊற்றிக் கொன்றுவிட்டு, பாதுகாத்த வித்திலிருந்து மறுபடி விட வேண்டியிருந்தது. அதனால்தான் எனக்குக் கூண்டைவிட, மீனை ஊர்விட்டு ஊர் ஏற்றும் லாரி, படகு, முட்டைப் பெட்டி மேல்தான் பயம் அதிகம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலில் திறந்த வலைக்கூண்டு வைத்து சால்மன் வளர்ப்பதை 2029 ஜூன் 30-க்குள் நிறுத்தப்போவதாகக் கனடா அரசு 2024-இல் அறிவித்தது. அட்லாண்டிக் கரைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே உங்கள் கடையில் சால்மன் கிடைக்கும், கவலை வேண்டாம். அடுத்தது இறால் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அதற்கு வருகிறேன்.