சோடா வரி: கோபம் விலை மேலயா, வரி வாங்குற ஆள் மேலயா?

வணக்கம் மக்களே. கேமராவை இந்த பாட்டில் பக்கம் திருப்புறேன், பாருங்க. ரெண்டு லிட்டர் கோலா. அவுன்ஸ் கணக்குல 67.6. நான் இருக்கிற ஃபிலடெல்ஃபியால, இனிப்பு சேர்த்த பானத்துக்கு அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் வரி. பெருக்கிப் பாருங்க, இந்த ஒரு பாட்டிலுக்கு வரி மட்டும் ஒரு டாலரைத் தாண்டுது. 12 கேன் இருக்கிற அட்டைப்பெட்டி எடுத்தா 2 டாலர் 16 சென்ட். சில நாள் தள்ளுபடில பார்த்தீங்கன்னா சரக்கு விலைக்கும் வரிக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது.

இங்க சிட்டி அவென்யூன்னு ஒரு ரோடு இருக்கு. ஊரோட எல்லையே அந்த ரோடுதான். இந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியா, சிக்னல்ல கிராஸ் பண்ணா அந்தப் பக்கம் லோயர் மெரியன், வேற கவுண்டி, நம்ம ஊர்ல வேற மாவட்டம்னு சொல்ற மாதிரி. அங்க இந்த வரி கிடையாது. அதே பாட்டில், அதே கம்பெனி. கார் இருக்கிறவங்க அந்தப் பக்கம் போய் வாங்கிட்டு வந்துடுவாங்க. பஸ்ல போறவங்க, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற மூலைக்கடைய நம்பி இருக்கிறவங்க, அவங்கதான் முழுசா கட்டுறாங்க. இன்னிக்கு பேசப்போற விஷயத்துல என்னை ரொம்ப உறுத்துறது இதுதான். அதனால முதல்லயே சொல்லிடுறேன்.

அமெரிக்கால இந்த சோடா வரி நாடு முழுக்க இல்ல. ஊர் ஊரா வந்தது. அதனால மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு ஊர் ஊரா பார்க்க முடியுது. ஒரு ஊர்ல 76 சதவீதம் பேர் "எங்க மேல வரி போடுங்க"ன்னு ஓட்டு போட்டிருக்காங்க. இன்னொரு ஊர்ல நாலே மாசத்துல வரியைத் தூக்கி எறிய வச்சிருக்காங்க. ரெண்டு இடத்துலயும் அவுன்ஸுக்கு ஒரே ஒரு சென்ட்தான். அப்போ விலை மட்டும் காரணமா இருக்க முடியாதுல்ல?

முதல்ல பெர்க்லி. கலிஃபோர்னியால யுனிவர்சிட்டி இருக்கிற ஊர். 2014 நவம்பர்ல ஓட்டெடுப்பு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2012-ல, ரிச்மண்ட், எல் மான்டேன்னு ரெண்டு ஊர்ல இதே மாதிரி கேட்டு, ரெண்டுமே பெருசா தோத்துப்போச்சு. பெர்க்லிலயும் பானக் கம்பெனிகள் 20 லட்சம் டாலருக்கு மேல கொட்டினாங்க. அந்தப் பக்கம் வரிக்கு ஆதரவா நியூயார்க் முன்னாள் மேயர், கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் பணமும் வந்தது, அதையும் சொல்லணும். கடைசில ஜெயிச்சது வரி. நாட்டுலயே மக்கள் ஓட்டு போட்டுக் கொண்டுவந்த முதல் சோடா வரி அது.

அதே நாள், வளைகுடாவுக்கு அந்தக் கரைல சான் ஃபிரான்சிஸ்கோலயும் ஓட்டெடுப்பு. அங்க 55 சதவீதத்துக்கு மேல ஆதரவு. ஆனா தோத்துப்போச்சு! பாதிக்கு மேல வாங்கியும் எப்படித் தோக்கும்? கலிஃபோர்னியா சட்டம் அப்படி. "இந்தப் பணம் இன்ன வேலைக்குத்தான்"னு முன்கூட்டியே கட்டிப்போட்டா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். பொதுக் கஜானாவுக்குன்னு சொன்னா பாதிக்கு மேல வந்தா போதும். பெர்க்லிக்காரங்க பணத்தைப் பொதுக் கஜானாவுக்கு அனுப்பிட்டு, அதை எப்படிச் செலவு பண்ணலாம்னு சொல்ல ஒரு நிபுணர் குழுவைத் தனியா வச்சாங்க. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சது. மக்களுக்குத் தெரிஞ்ச முகங்கள் உட்கார்ந்து, பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு இவ்வளவு, சமூக அமைப்புகளுக்கு இவ்வளவுன்னு வெளிப்படையா பேசுறாங்க. 2016-ல சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், ஆல்பனின்னு பக்கத்து ஊர்கள் வரிசையா ஜெயிச்சதும் இதே மாதிரிதான்.

இப்போ குக் கவுண்டி. சிகாகோ இருக்கிற கவுண்டி, 50 லட்சம் பேருக்கு மேல வாழ்ற இடம். 2016 நவம்பர்ல கவுண்டி போர்டுல ஓட்டு 8-க்கு 8. தலைவர் டோனி ப்ரெக்விங்கிள் தன்னோட ஓட்டைப் போட்டு வரியை நிறைவேத்தினாங்க. மக்கள்கிட்ட கேட்கல. பணம் எதுக்கு? பட்ஜெட்ல விழுந்த ஓட்டையை அடைக்க, வருஷத்துக்கு சுமார் 20 கோடி டாலர். உடம்புக்கும் நல்லதுன்னு கூடவே சொன்னாங்க, ஆனா டயட் சோடாவுக்கும் அதே வரி! சர்க்கரையே இல்லாத கேனுக்கு எதுக்குடா வரின்னு ஜனங்க கேட்டாங்க. நியாயமான கேள்விதானே? அந்தக் கேள்வி வந்த நிமிஷமே உடம்பு நல்லதுன்னு சொன்ன பேச்சு எடுபடாம போச்சு.

இன்னொரு விஷயம் பாருங்க. ஃபிலடெல்ஃபியால வரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல. கடைக்கு சரக்கு வரும்போதே விலைக்குள்ள சேர்ந்துடும். குக் கவுண்டில கல்லாவுல, பில்லுல தனி வரியா அடிச்சாங்க. 12 கேன் வாங்கினா 1 டாலர் 44 சென்ட்னு ஒவ்வொரு தடவையும் கண்ணு முன்னாடி. அரசு உதவியா வர்ற ஸ்நாப் கார்டுல வாங்குறதுக்கு விற்பனை வரி போடக்கூடாதுன்னு மத்திய சட்டம் இருக்கு, அதனால அவங்களுக்கு விலக்கு. வரிசைல முன்னாடி நிக்கிறவருக்கு இல்ல, பின்னாடி நிக்கிற எனக்கு மட்டும் இருக்குன்னு அதுலயும் ஒரு மனவருத்தம். 2017 ஆகஸ்ட் 2 அமலுக்கு வந்தது. அக்டோபர்லயே அதே போர்டு பெரிய மெஜாரிட்டியோட ரத்து பண்ணிடுச்சு. டிசம்பர் 1-ல இருந்து வரி இல்ல.

நம்ம ஊர்ல பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? இந்தியால கேஸ் அடைச்ச குளிர்பானத்துக்கு ஜிஎஸ்டி 2017-ல இருந்தே செஸ் எல்லாம் சேர்த்து 40 சதவீதம். 2025 செப்டம்பர்ல செஸ்ஸை எடுத்துட்டு நேராவே 40-ன்னு ஆக்கிட்டாங்க. பெர்க்லில ஓட்டெடுப்பு வச்ச ஒரு சென்ட்டைவிட இது எவ்வளவு பெருசு! ஆனா பெட்டிக்கடைல நின்னு இதுக்காக யாராவது சண்டை போட்டுப் பார்த்திருக்கீங்களா? எம்ஆர்பிக்குள்ளயே போயிடுது. கண்ணுல படாத வரிக்குக் கோபம் வராது. அது நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். கேள்வி கேட்கிற வாய்ப்பும் சேர்ந்து போயிடுதுல்ல.

சரி, எங்க ஊருக்கு வர்றேன். ஃபிலடெல்ஃபியால மேயர் மைக்கேல் நட்டர் 2010-லயும் 2011-லயும் சோடா வரி கேட்டார். ரெண்டு தடவையும் கவுன்சில் ஒத்துக்கல. 2016-ல புது மேயர் ஜிம் கென்னி வந்தார். அவர் சர்க்கரையைப் பத்தி அதிகமா பேசவே இல்ல. 3 வயசு, 4 வயசுக் குழந்தைகளுக்கு இலவசமா ப்ரீ-கே, அதாவது ஸ்கூலுக்கு முந்தின நர்சரி வகுப்பு, அப்புறம் பாழடைஞ்சு கிடக்கிற பார்க், லைப்ரரி, விளையாட்டு மையம் எல்லாத்தையும் சரிபண்ணப் பணம் வேணும், சோடா கம்பெனிகிட்ட பணம் இருக்கு, அங்க எடுப்போம்னார். கேட்டது 3 சென்ட். கவுன்சில் பேரம் பேசி ஒன்றரை சென்ட்டா குறைச்சு, டயட் பானத்தையும் உள்ள இழுத்துட்டு, ஜூன் 16-ஆம் தேதி 13-க்கு 4-ன்னு நிறைவேத்திடுச்சு. 2017 ஜனவரி 1-ல இருந்து வரி.

எதிர்ப்பு இல்லாம இல்ல. லாரி ஓட்டுறவங்களோட டீம்ஸ்டர்ஸ் சங்கம் எதிர்த்தது, வேலை போகும்னு. பெர்னி சாண்டர்ஸ் எதிர்த்தார். ஏழைங்க மேல விழுற வரி, பணக்காரங்க மேல போடுங்கன்னார். ஹிலாரி கிளிண்டன் குழந்தைகளுக்குத்தானேன்னு ஆதரிச்சாங்க. ஜனாதிபதி வேட்பாளர் ஆக ஒரே கட்சியோட பிரைமரில போட்டி போட்ட ரெண்டு பேர், ரெண்டு பக்கம். பிரைமரின்னா கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு. சாண்டர்ஸ் சொன்னதை நான் தள்ளமாட்டேன். அந்த நேரத்துல இந்த ஊர்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் வறுமைக் கோட்டுக்குக் கீழ. அவங்க பையில இருந்துதான் இந்த டாலர் போகுது.

அதே குடும்பங்களுக்குத்தான் ஒரு கேன்ல இருக்கிற 39 கிராம் சர்க்கரையோட பாதிப்பும் போகுது. கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன், மக்களே. ஒரு டம்ளர் காபில பத்து டீஸ்பூன் போட்டா குடிப்பீங்களா?

வரியால சோடா விற்பனை குறைஞ்சுதான்னு கேட்டா, குறைஞ்சிருக்கு. 2019-ல ஜாமாங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்த ஆய்வு, பெரிய கடைகளோட விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. ஊருக்குள்ள விற்பனை அளவு 51 சதவீதம் விழுந்திருக்கு. சிட்டி அவென்யூ மாதிரி எல்லை தாண்டிப் போய் வாங்கினதைக் கழிச்சாலும் 38 சதவீதம் குறைவு. சின்ன எண் இல்ல இது.

ஆனா எங்க ஊர்க்காரங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா இந்த 38 சதவீதத்தை யாரும் சொல்றதில்ல. "அந்தக் காசு எங்க போச்சு?" அதான் கேட்கிறாங்க. காரணம் இருக்கு. வரி மேல கம்பெனிகள் கேஸ் போட்டாங்க, 2018 ஜூலைல மாநில உச்ச நீதிமன்றம் வரி செல்லும்னு சொல்ற வரைக்கும் நகராட்சி பணத்துல பெரும்பகுதியைத் தொடாம வச்சிருந்தது. வருஷத்துக்கு 9 கோடி டாலருக்கு மேல வரும்னாங்க, வந்தது 8 கோடிக்கும் கீழ. கட்டுறது இன்னிக்கு, பார்க் வேலை ஆரம்பிக்கிறது எப்பவோன்னா மனுஷனுக்கு சந்தேகம் வராதா? ப்ரீ-கே மட்டும் தாமதம் இல்லாம 2017 ஜனவரிலயே சுமார் 2,000 இடத்தோட தொடங்கிடுச்சு. எங்க தெருவுல அந்த டே கேருக்குக் காலைல பை மாட்டிட்டுப் போற பிள்ளைகளைப் பார்க்கிறவங்க இந்த வரியைத் திட்டினாலும், எடுத்துடுங்கன்னு சொல்லி நான் கேட்டதில்ல. 2019 மேயர் தேர்தல் பிரைமரில கம்பெனிகள் கென்னிக்கு எதிரா விளம்பரம் போட்டும், மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கி ஜெயிச்சார்.

கம்பெனிகளும் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். ஊர் ஊரா சண்டை போடுறதை விட்டுட்டு மாநிலத்தைப் பிடிச்சாங்க. கலிஃபோர்னியால 2018 ஜூன்ல என்ன நடந்தது தெரியுமா? உள்ளூர் வரி எதுவானாலும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு ஒரு பொது ஓட்டெடுப்பைக் கொண்டுவந்து மிரட்டி, அதை வாபஸ் வாங்குறதுக்கு பதிலா 2031 வரைக்கும் எந்த ஊரும் புதுசா சோடா வரி போடக்கூடாதுன்னு சட்டம் வாங்கிட்டாங்க. சாண்டர்ஸ் சொன்னதையாவது மதிக்கலாம், இதை என்னால மதிக்க முடியல. அதே வருஷம் வாஷிங்டன் மாநிலத்துல "மளிகைக்கு உள்ளூர் வரி போடக்கூடாது"ன்னு கேள்வியை அமைச்சு ஜெயிச்சாங்க. சோடான்னு கேட்டா ஒரு பதில், மளிகைன்னு கேட்டா ஒரு பதில். பக்கத்துல ஒரிகன்ல அதே மாதிரி கேட்டப்போ ஜனங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. 2024 நவம்பர்ல சான்டா க்ரூஸ் அந்த கலிஃபோர்னியா தடையையும் மீறி, அவுன்ஸுக்கு 2 சென்ட்னு மெல்லிசான வித்தியாசத்துல ஜெயிச்சது. பெர்க்லி அதே நாள் தன்னோட வரியை நிரந்தரமாவே ஆக்கிடுச்சு. பத்து வருஷமா கட்டிப் பார்த்த ஊர் அது.

ஃபிலடெல்ஃபியால இருக்கிற நம்ம ஆளுங்களுக்குக் கடைசியா ஒண்ணு. நம்ம கடைகள்ல விக்கிற மாம்பழ பானத்துலயும் பாதிக்கு மேல பழச்சாறு இல்லைன்னா இந்த வரி உண்டு, பாதிக்கு மேல பால் இருந்தா கிடையாது. நீங்களும் கட்டிட்டுதான் இருக்கீங்க. வீட்டுல 3 வயசு, 4 வயசுப் பிள்ளை இருந்தா பிஹெச்எல் ப்ரீ-கேன்னு தேடிப் பதிவு பண்ணுங்க. வருமான வரம்பு கிடையாது, ஊருக்குள்ள குடியிருந்தா போதும். இடம் சீக்கிரம் நிரம்பிடும், தள்ளிப் போடாதீங்க.