கர்த்தருக்குள்

(மதுரையில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இப்படித்தானே எப்போதும் ஆரம்பிக்கிறோம்? கல்யாணப் பத்திரிகையிலும் இதே வார்த்தை, கல்லறையிலும் இதே வார்த்தை: 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. இந்த 'க்குள்' பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

பரலோகம் என்றதும் பொன் வீதியும் முத்து வாசலும் நமக்கு ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் தெசலோனிக்கே சபையார் இறந்தவர்களை நினைத்துத் துக்கப்பட்டபோது, பவுல் அவர்களுக்கு வீதியைப் பற்றி எழுதவில்லை. "இவ்விதமாய் நாம் எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்" என்று எழுதினார். எங்கே என்பதைவிட யாரோடு என்பதுதான் அவருக்குப் பெரிது. இறந்துபோனவர்களையும் அங்கே 'கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்' என்கிறார். கவனியுங்கள், சாவு வந்தும் அந்த 'க்குள்' அப்படியே நிற்கிறது.

அப்படியானால் தண்ணீரில் உப்பு கரைகிற மாதிரி நாம் தேவனுக்குள் கரைந்து காணாமல் போவோமா? இல்லை. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் கலக்காமலும் பிரியாமலும் ஒன்றாயிருக்கின்றன என்று 451ஆம் ஆண்டில் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் அறிக்கையிட்டது. அவரே அப்படியென்றால், அவருக்குள் இருக்கிற நாம் எப்படிக் கரைந்துபோவோம்? 'திவ்விய சுபாவத்துக்கு', அதாவது தேவனுடைய தன்மைக்கு, 'பங்குள்ளவர்கள்' என்று பேதுரு சொல்வதும் பங்குதான். படைக்கப்பட்டவன் படைக்கப்பட்டவனாகவே இருப்பான். அன்பு செலுத்த இரண்டு பேர் வேண்டுமே!

கம்பம் பக்கம் போயிருப்பீர்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சை படர்ந்த பந்தல். கவாத்து நடக்கும்போது, அதாவது கொடிகளை வெட்டிவிடும்போது, ஒருமுறை பந்தலுக்கடியில் நின்றேன். வெட்டிப்போட்ட கொடி காலடியில் கிடந்தது. இலையெல்லாம் பச்சைதான், பார்த்தால் உயிருள்ளது மாதிரியே இருந்தது. தலைக்குமேலே, செடியோடு இருந்த கொடியில் ஒரு இலைகூட இல்லை. ஆனால் கத்தி பட்ட இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. என் தோளிலும் ஒரு சொட்டு விழுந்தது. வேரிலிருந்து ஏறி வருகிற நீர் அது. "நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்ற வசனத்தை எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது. அடைக்கலமாயிருந்தவரை இந்த வருஷம் பறிகொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே, உங்கள் கண்ணீரைப் பார்த்து தேவன் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செடியில் இருக்கிற கொடிதான் கசியும்.

என் அம்மாவின் கல்லறைக்கு எழுத்து வெட்ட வந்தவர், எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். கையில் காசு குறைவு. எதையாவது குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். 'இந்த வார்த்தை இல்லாட்டியும் அர்த்தம் வருமே' என்று 'கர்த்தருக்குள்' மேல் விரலை வைத்தார். காகிதத்தில் எழுதியிருந்த அம்மாவின் படிப்பை அப்பா அடித்தார், ஊரை அடித்தார், கடைசியில் தன் பெயரையும் அடித்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "அத மட்டும் எடுத்துராதீங்கண்ணே. அவ அங்கதான் இருக்கா."