விளம்பரம் போய்விட்டது, பிழைச் செய்தி ஏன் நிற்கிறது?

[திரை: தமிழ்ச் செய்தித்தளம் ஒன்று. தண்ணீர்மலை தைப்பூசச் செய்தியின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே வாடிய முகம். ‘இணைக்க மறுத்துவிட்டது’ என்ற வரி.]

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் கடைக்கு மடிக்கணினியோடு வருகிற பெரியவர்கள் இந்தப் பெட்டியைக் காட்டி, “வைரஸ் ஏறிவிட்டதா தம்பி?” என்று கவலையோடு கேட்பார்கள்.

இல்லை ஐயா. வீட்டில் யாரோ விளம்பரத்தைத் தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

[திரை: பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு.]

செய்திப் பக்கம் விளம்பரத்துக்கென்று ஒரு சட்டகத்தை ஒதுக்குகிறது. ஐஃப்ரேம் என்பார்கள். அதற்குள் வேறொரு தளத்தின் பக்கம் வந்து இறங்க வேண்டும். வராவிட்டால், உலாவி தன் பிழைச் செய்தியை அங்கே எழுதிவைக்கிறது.

எந்தத் தளத்துக்கு எந்த முகவரி என்று கணினி பார்த்துக்கொள்ளும் சிறு பட்டியல்தான் ஹோஸ்ட்ஸ் கோப்பு. அதில் விளம்பரத் தளங்களின் பெயருக்கு நேராக 127.0.0.1 (இதே கணினி) அல்லது 0.0.0.0 (எங்கும் போகாத முகவரி) என்று எழுதித் தடுப்பவர்கள் பலர். வீட்டு இணைப்பு முழுவதற்கும் விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் வைத்திருக்கும் வீடுகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். வழி கேட்பவருக்குத் தவறான வீட்டு எண்ணைச் சொல்லி அனுப்புகிற வேலை இது. எண்ணைச் சொன்னவருக்கு உங்கள் பக்கத்தின் அமைப்பு தெரியாது. பெட்டியை மூட அவரால் ஆகாது.

முன்பு சிலர் கணினியிலேயே ஒரு சிறிய சர்வரை ஓடவிட்டு, எதைக் கேட்டாலும் ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள வெற்றுப் படத்தைத் தரச் செய்தார்கள். அருமையான யோசனை. ஆனால் இன்று விளம்பரங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வருகின்றன. ‘நான் இன்ன தளம்’ என்று நிரூபிக்கும் அந்தத் தளத்தின் சான்றிதழ் நம் சர்வரிடம் இல்லாததால் இணைப்பு மறுபடியும் முறிகிறது. சொந்தச் சான்றிதழ் தயாரித்து உலாவியை நம்பவைக்கவும் வழி உண்டு. வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் அதைச் செய்யும்படி யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

[திரை: ஃபயர்பாக்ஸ், யூபிளாக் ஒரிஜின் அமைப்புகள்.]

பக்கத்தைப் பார்க்கத் தெரிந்த கருவிதான் பெட்டியையும் மூடும். உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் விளம்பரத் தடுப்பு நீட்சி யூபிளாக் ஒரிஜின். ரேமண்ட் ஹில் உருவாக்கிய அதில், தடுக்கப்பட்டவற்றின் வெற்றிடத்தை மறைக்கும் தெரிவு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பும் இருக்கட்டும். யூபிளாக் முந்திக்கொள்வதால், அதன் பட்டியலில் உள்ள தளத்துக்கான கோரிக்கை அந்தக் கோப்பு வரை போகவே போகாது.

பட்டியலில் இல்லாத தளத்தின் பெட்டி மட்டும் மிஞ்சும். அதற்கு யூபிளாக்கைத் திறந்து, அதிலுள்ள சொட்டுக்குழாய்ச் சின்னத்தை அழுத்துங்கள்.

[திரை: சுட்டி பெட்டியின் மேல், அந்த இடம் நிறம் மாறுகிறது.]

பெட்டியைச் சொடுக்கியதும், எதை மறைப்பது என்று சொல்லும் ஒரு வரி கீழே தோன்றும். வடிகட்டி என்பது இதுதான். இங்கே நிதானமாகப் பாருங்கள். ஐஃப்ரேமை மட்டும் மறைத்தால் பிழைச் செய்தி போகும், வெள்ளை இடைவெளி நிற்கும். அதைச் சுற்றியுள்ள உறையைத் தேர்ந்தெடுத்தால், கீழே இருந்த பத்தி மேலே ஏறிச் செய்தியோடு சேர்ந்துகொள்ளும். செய்தியும் சேர்ந்து நிறம் மாறினால் எல்லை மீறிவிட்டீர்கள். தேர்வை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தளங்களிலும் எல்லா ஐஃப்ரேம்களையும் மறைக்கிற ஒற்றை வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அட்டையில் பணம் கட்டும்போது வங்கி கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல் பல நேரம் இப்படிப்பட்ட சட்டகத்தில்தான் வருகிறது. முழுப் பக்கத்துக்கும் வரும் சான்றிதழ் எச்சரிக்கை வேறு விஷயம். அதை மறைக்க வழி தேடாதீர்கள், அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறுங்கள்.

தவறாக எதையாவது மறைத்துவிட்டால், யூபிளாக்கில் ‘எனது வடிகட்டிகள்’ பகுதியைத் திறந்து, கடைசி வரியை அழித்துச் சேமித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள்.