பந்து வருவதற்கு முன்பே வந்து நிற்பவர்

நண்பர்களே, வணக்கம்.

கால்பந்தில் கோல் அடிக்கும் ஒரு ஃபார்வர்டைப் பற்றிப் பேச்சு என்றதும் பெலே, மரடோனா, மெஸ்ஸி என்று யாரையாவது எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசேவை. நாட்டுக்காக 137 ஆட்டங்கள், 71 கோல்கள். நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல்கள். 2014-ல் அவர் அதை எட்டும்வரை உலகில் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆனால் குளோசே நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் போய் அடித்த கோல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், தீவிர ரசிகர்கூட விழிப்பார். "சரியான இடத்தில் நின்றான், வந்ததைத் தட்டிவிட்டான், அவ்வளவுதானே" என்பார். அந்த 'அவ்வளவுதானே'வோடுதான் எனக்கு வழக்கு.

பிறந்தது 1978-ல், போலந்தின் ஓப்போலே நகரத்தில். அப்பா யோசெஃப் தொழில்முறைக் கால்பந்து வீரர்; ஓத்ரா ஓப்போலே அணியிலும் பிரான்ஸின் ஒசேர் அணியிலும் ஆடியவர். அம்மா பார்பரா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியின் வீராங்கனை. ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம் என்பதால், பையனுக்கு எட்டு வயது இருக்கும்போது ஜெர்மனியின் மேற்குக் கோடியில் கூசல் என்ற சிற்றூரில் வந்து குடியேறினார்கள். ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேச மொழி கிடையாது. மைதானத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போதைய ஐரோப்பிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதிலேயே ஏதாவது பெரிய கிளப்பின் அகாடமிக்குள் போய்விடுகிறார்கள். குளோசே அப்படி எங்கும் போகவில்லை. தச்சு வேலை கற்றார். ப்ளாவ்பாக்-டீடல்கோப்ஃப் என்ற உள்ளூர் கிளப்புக்கு ஆடினார். பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. ஜெர்மனியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாத கிளப். இருபது வயதில் ஹோம்பர்க், அடுத்த வருடம் கைசர்ஸ்லாட்டர்னின் இரண்டாம் அணி, 2000 ஏப்ரலில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பந்தஸ்லிகாவில் அறிமுகம். இருபது வயதுவரை கீழ்மட்ட லீக்கில் இருந்தவர், இருபத்தி மூன்று முடிவதற்குள் உலகக் கோப்பையில் ஹாட்ரிக் அடித்துவிட்டார்.

நடுவில் ஒரு சின்ன இழுபறி. போலந்து பயிற்சியாளர் யெர்ஸி எங்கெல் நேரில் வந்து, எங்கள் அணிக்கு ஆடு என்று கேட்டுப் பார்த்தார். குளோசே ஜெர்மனிதான் என்று இருந்துவிட்டார். 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தார். அதுதான் அவருடைய முதல் சர்வதேச ஆட்டம்.

இப்போது 2002-க்கு வருவோம். ஜப்பானில் சப்போரோ மைதானம், சவுதி அரேபியாவுக்கு எதிராக 8-0. குளோசே மூன்று கோல், மூன்றும் ஹெட்டர். அடுத்து அயர்லாந்துக்கு எதிராக ஒன்று, கேமரூனுக்கு எதிராக ஒன்று, இரண்டும் ஹெட்டர்தான். ஒரே உலகக் கோப்பையில் ஐந்து கோல், ஐந்தும் தலையால். சவுதி அணி பலவீனமானது என்பீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் எட்டில் மூன்று ஏன் குளோசேவுக்கு வந்தது? பக்கத்திலேயே கார்ஸ்டன் யான்கர் ஆடினார். குளோசேவைவிட ஒரு கை உயரம். உயரம்தான் ஹெட்டர் என்றால் எல்லாப் பந்தும் யான்கருக்கல்லவா போயிருக்க வேண்டும்?

ஹெட்டரை நாம் தலை பந்தைத் தொடும் அந்த ஒரு நொடியாகவே பார்க்கிறோம். உண்மையான வேலை அதற்கு இரண்டு, மூன்று நொடி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடுபவர், அதாவது கிராஸ் போடுபவர், தலையைத் தூக்கிப் பார்க்கும்போது டிஃபென்டரின் கண்ணும் பந்தின் மேல் போகும். அந்த நேரத்தில் ஸ்ட்ரைக்கர் அவர் முதுகுப் பக்கம் நழுவ வேண்டும். டிஃபென்டர் நின்ற இடத்திலிருந்து எம்புவார். இவர் ஓடிவந்து எம்புவார். ஓடிவந்து எம்புபவருக்கு உயரமும் வேகமும் சேர்ந்தே கிடைக்கும். சீக்கிரம் ஓடினால் ஆஃப்சைடு, தாமதித்தால் பந்து தலைக்கு மேல் போய்விடும். குளோசே இதைத் தொண்ணூறு நிமிடமும் செய்வார். இருபது தடவை ஓடினால் பதினெட்டு தடவை பந்து வேறு எங்கோ போகும், அவர் முகம் சுளிக்காமல் திரும்பி நடப்பார். டிவியில் நமக்குக் காட்டுவது மீதி இரண்டைத்தான்.

அந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் யோகோஹாமாவில். பிரேசில் 2-0. ஜெர்மன் கோல்கீப்பர் ஆலிவர் கான் கையிலிருந்து நழுவிய பந்தை ஓடிவந்து தட்டிவிட்டு முதல் கோல் போட்டவர் பிரேசிலின் ரொனால்டோ. அதை மட்டும் யாரும் 'தட்டிவிட்ட கோல்' என்று சொல்லி ஒதுக்குவதில்லை!

2006-ல் உலகக் கோப்பை சொந்த மண்ணில். வெர்டர் பிரேமன் கிளப்புக்காக 25 கோல் அடித்து பந்தஸ்லிகாவில் முதலிடம் பிடித்த கையோடு வந்தார். முனிக்கில் தொடக்க ஆட்டம் ஜூன் 9, அவருக்கு 28-வது பிறந்தநாள். கோஸ்டாரிகாவுக்கு எதிராக இரண்டு கோல். காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. 80-வது நிமிடம், பல்லாக் கிராஸ், பொரோவ்ஸ்கி தலையால் திருப்பிவிட, குளோசே ஹெட்டர். ஜெர்மனி பெனால்டியில் தப்பித்தது. ஐந்து கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்கு.

பிறகு பயர்ன் முனிக் கிளப். அங்கே கோப்பைகள் வந்தன, கோல்கள் வற்றின. 2009-10 சீசனில் லீக்கில் மூன்றே கோல். இவரை எதற்கு உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போகிறார் ஜெர்மன் பயிற்சியாளர் யோகிம் லோவ் என்று ஊரே கேட்டது. நியாயமான கேள்விதான். தென்னாப்பிரிக்காவில் செர்பியாவுக்கு எதிராக இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறவும் செய்தார். அன்று ஜெர்மனி தோற்றது. அப்படியும் நான்கு கோல். இங்கிலாந்துக்கு எதிராக அடித்ததை மறக்க முடியாது: கோல்கீப்பர் நோயர் தன் கோல் வாயிலிலிருந்து உதைத்த நீண்ட பந்து, நடுவில் யாரும் தொடவில்லை, இங்கிலாந்து டிஃபென்டர் அப்ஸனைத் தோளால் தாங்கிக்கொண்டு சறுக்கி விழுந்து உள்ளே தள்ளினார். சக வீரர்கள் ஓசிலும் தாமஸ் முல்லரும் எந்த நேரத்தில் எங்கே பந்து போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும், இவர் எங்கே வருவார் என்று அவர்களுக்கும் தெரியும். இந்தப் பழக்கம் தேசிய அணியில் கிடைத்த அளவுக்கு பயர்னில் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2005-ல் பிரேமனுக்கு நடுவர் ஒரு பெனால்டி கொடுத்தார். குளோசே போய், கோல்கீப்பர் பந்தைத்தான் தொட்டார், அது பெனால்டி இல்லை என்று சொல்லி ரத்து செய்ய வைத்தார். 2012-ல் இத்தாலியின் லாட்சியோ கிளப்புக்கு ஆடும்போது நேப்பிள்ஸில் ஒரு கோல். பந்து என் கையில் பட்டது என்று அவரே நடுவரிடம் சொல்ல, கோல் செல்லாது ஆனது. லாட்சியோ அந்த ஆட்டத்தில் 3-0 என்று தோற்றது. ஸ்ட்ரைக்கர்கள் கோலுக்காக என்னென்ன நாடகம் போடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

2014-ல் 36 வயது. கானாவுக்கு எதிராக 2-1 என்று பின்தங்கியிருந்தபோது இறக்கினார்கள். வந்த இரண்டே நிமிடத்தில், சக வீரர் ஹொவடஸ் தலையால் திருப்பிய கார்னர் பந்தைத் தூரத்துக் கம்பத்தில் சறுக்கிவந்து உள்ளே தள்ளினார். கோல் அடித்ததும் போடும் வழக்கமான அந்தர்பல்டியை அன்றும் போட்டார், தடுமாறி உட்கார்ந்துவிட்டார். அது பதினைந்தாவது. அரையிறுதியில் பிரேசில், ஜெர்மனி வென்ற அந்த 7-1. குளோசேவின் முதல் உதையை பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்தார், திரும்பி வந்த பந்து குளோசே காலடியில். பதினாறு. முந்தைய சாதனைக்காரர் ரொனால்டோ அன்று அதே மைதானத்தில் வர்ணனையாளராக உட்கார்ந்திருந்தார். இறுதி ஆட்டத்தில் 88-வது நிமிடத்தில் குளோசேவை வெளியே எடுத்து கோட்சேவை விட்டார்கள். 113-வது நிமிடத்தில் கோப்பையை வென்ற கோல் கோட்சேவுடையது.

குளோசேவுக்கு முன் ஜெர்மனிக்காக அதிக கோல் அடித்திருந்த கெர்ட் முல்லரைவிடப் பெரியவரா என்று கேட்பீர்கள். இல்லை. முல்லர் 68 கோல் அடிக்க எடுத்துக்கொண்டது 62 ஆட்டங்கள்தான். அந்த ஒப்பீட்டில் குளோசே நிற்க மாட்டார், நிற்கவும் வேண்டாம். ஆனால் அவர் கோல் அடித்த எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. இதை எதிர்த்து வாதாட யாராவது வருவீர்களா?

வீட்டுக்குப் போய் அந்தப் பதினாறு கோலையும் யூடியூபில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பந்தைப் பார்க்காதீர்கள், குளோசேவை மட்டும் பாருங்கள். கானா கோலில் தொடங்குங்கள். கார்னர் உதைக்கப்படும் நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார், எத்தனை பேர் அவரைக் கவனிக்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். சரி, இனி கேள்விகள் கேட்கலாம்.